அரசு சார்பு வணிக நிறுவனங்களின் ஊழியர்கள் லாபிச் சட்டத்துக்குள் வரவேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் லாபி நடவடிக்கைகளை முறைப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. ஆதரவுக் கடிதங்களைப் பற்றியும், ஒப்பந்தங்களுக்காக அமைச்சு அலுவலகங்களைச் சுற்றிவரும் இடைத்தரகர்களைப் பற்றியும் விவாதம் எழும்போதெல்லாம் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற குரலும் எழுகிறது. ஆனால் அந்தக் குரல் தனியார் நிறுவனங்களையும் கட்டணம் பெற்றுப் பேசும் தரகர்களையும் மட்டுமே மனத்தில் கொண்டிருக்கிறது. அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருந்துகொண்டு இலாபத்துக்காக இயங்கும் நிறுவனங்களின் ஊழியர்களும் அந்தச் சட்டத்துக்குள் வரவேண்டுமா என்பது அரிதாகவே பேசப்படுகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ப்பள்ளி மேலாளர் வாரியங்கள், ஆலய நிர்வாகங்கள், குடியிருப்பாளர் சங்கங்கள், சிறு வணிகர் அமைப்புகள் ஆகியவற்றில் பணியாற்றுவோர் இது பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். அவர்கள் வரவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை போல எழுத நான் விரும்பவில்லை.

லாபி என்பதில் எதெல்லாம் அடங்கும்?

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரிடம் ஒரு சட்டம், கொள்கை, உரிமம், கட்டண விகிதம், நில வகை மாற்றம், அரசாங்க உத்தரவாதம், ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று தமக்குச் சாதகமாக அமையும்படி கேட்டுக்கொள்வது லாபி. கடிதமாக எழுதலாம், அலுவலகத்தில் சந்திக்கலாம், திருமண விருந்தில் காதோடு சொல்லலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். லாபி தன்னளவில் குற்றம் அன்று. குடிமக்கள் தம் தேவையை ஆட்சியாளரிடம் எடுத்துச் சொல்வது மக்களாட்சியின் ஒரு பகுதியே. யார், யாரிடம், எதைக் கேட்டார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாமல் போவதைத்தான் லாபிச் சட்டங்கள் சரிசெய்ய முயல்கின்றன. பெரும்பாலான நாடுகளில் அதற்கான கருவி ஒரு பொதுப் பதிவேடு.

அரசு சார்பு வணிக நிறுவனம் என்று இங்கே சொல்லப்படுவது எது?

கூட்டரசு அல்லது மாநில அரசாங்கம் நேரடியாகவோ முதலீட்டு அமைப்பு ஒன்றின் வழியாகவோ கட்டுப்படுத்தும், பணம் வாங்கிக்கொண்டு பொருளோ சேவையோ வழங்கும் நிறுவனம். 1974-ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் பிரதமரின் கட்டுப்பாட்டில் இயங்கும் பெட்ரோனாஸ், நிதியமைச்சுக்குச் சொந்தமான பொதுப் போக்குவரத்து நிறுவனங்களான பிரசாரானா, எம்ஆர்டி கார்ப், அரசு முதலீட்டு அமைப்பான கசானா நேஷனல் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், பினாங்கில் மாநில நீர் நிறுவனமான பிபிஏ ஆகியவை உடனே நினைவுக்கு வருபவை. அமைச்சுத் துறைகளும் நகராண்மைக் கழகங்களும் இதில் சேரா.

அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனம் அரசாங்கத்தோடு பேசுவது எப்படி லாபி ஆகும்? அது வீட்டுக்குள் நடக்கும் பேச்சு அல்லவா?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். இதற்கு விடை தெளிந்தால் மற்றவை எளிதாகிவிடும்.

‘அரசாங்கம்’ என்பது ஒரே வாயும் ஒரே காதும் கொண்ட ஓர் ஆள் அன்று. பினாங்கின் நீர் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பான்மை உரிமை மாநில அரசாங்கத்திடம் இருக்கிறது. அதன் தாய் நிறுவனம் 2002 முதல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருப்பதால் பொதுமக்களும் தனியார் முதலீட்டாளர்களும் அதில் பங்கு வைத்திருக்கிறார்கள். முதலமைச்சர் பதவியில் இருப்பவரே நிறுவனத் தலைவராகவும் இருந்து வந்திருக்கிறார். ஆனால் நீர்க் கட்டணத்தை உயர்த்த வேண்டுமென்றால் அந்த நிறுவனம் போய் நிற்கவேண்டியது மாநில அரசாங்கத்திடம் அன்று. 2006-ஆம் ஆண்டின் நீர் சேவைச் சட்டங்களின்படி அது தேசிய நீர் சேவை ஆணையத்திடமும் கூட்டரசு அமைச்சரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டு நீர்க் கட்டணம் ஒரு கனமீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்ந்தபோது அந்த முடிவு கூட்டரசு அரசாங்கம் இயங்கும் புத்ராஜெயாவில்தான் எடுக்கப்பட்டது. கட்டண உயர்வால் பயன்பெறும் நிறுவனம் ஒரு பக்கம், முடிவெடுக்கும் அதிகாரம் இன்னொரு பக்கம், கட்டணம் கட்டும் பட்டர்வொர்த் குடும்பம் வேறொரு பக்கம் என்று மூன்று தரப்பு இருக்கும்போது, முதல் இரண்டும் ‘அரசு’ என்ற பெயரைப் பகிர்ந்துகொள்வதால் மட்டும் அவற்றுக்கிடையே நடக்கும் பேச்சு வீட்டுப் பேச்சாகிவிடாது.

உரிமையாளரும் முடிவெடுப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஒரே அமைச்சர் நிறுவனத்தின் பங்குதாரராகவும், அத்துறையின் கொள்கையை வகுப்பவராகவும், போட்டி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்குவதில் சொல் செல்லுபடியாகிறவராகவும் இருக்கலாம். அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரி வந்து போட்டியாளர் ஒருவருக்கு உரிமம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், அவர் பங்குதாரரிடம் அறிக்கை கொடுக்கவில்லை, சந்தையில் தனக்கொரு சலுகை கேட்கிறார். அதே கோரிக்கையை ஒரு தனியார் நிறுவன அதிகாரி வைத்தால் நாம் தயங்காமல் லாபி என்போம். கோரிக்கையின் தன்மைதான் அளவுகோலாக இருக்க வேண்டும். பங்குப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது அதற்கு அடுத்தது.

எஸ்ஆர்சி விவகாரம் இதோடு எப்படித் தொடர்புபடுகிறது?

எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் 2011-இல் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் துணை நிறுவனமாகத் தொடங்கப்பட்டு, 2012-இல் நிதியமைச்சின் நேரடி உரிமைக்கு மாற்றப்பட்டது. அந்நிறுவனத்துக்கு, அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியமான குவாப் இரு தவணைகளில் 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது. இரண்டுக்கும் கூட்டரசு அரசாங்கம் உத்தரவாதம் அளித்தது. அப்போது பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த நஜிப் ரசாக், அந்த உத்தரவாதங்கள் தொடர்பான அதிகார முறைகேட்டுக்காகவும், 4.2 கோடி ரிங்கிட் தொடர்பான நம்பிக்கை மோசடி, பணச் சலவைக் குற்றங்களுக்காகவும் 2020 ஜூலை 28-ஆம் தேதி குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 2022 ஆகஸ்ட் 23-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2024-இல் மன்னிப்பு வாரியம் தண்டனைக் காலத்தைப் பாதியாகக் குறைத்தது.

இந்த வழக்கை நான் எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் குற்றத்தின் பெருமதிப்பு அன்று, அந்தப் பணம் நகர்ந்த வழி. கடன் கேட்டது அரசு நிறுவனம், கொடுத்தது அரசு நிதியம், உத்தரவாதம் அளித்தது அரசாங்கம். மூன்று கதவுகளும் உள்ளிருந்தே திறக்கப்பட்டதால், எந்த நிறுவனம் எந்தத் தேதியில் யாரிடம் எவ்வளவு தொகைக்கு உத்தரவாதம் கோரியது என்பதை வெளியில் இருந்த யாரும் அப்போது பார்க்க முடியவில்லை. அது முழுமையாக வெளிவர ஆட்சி மாற்றமும் நீதிமன்ற விசாரணையும் தேவைப்பட்டன.

ஒரு பதிவேடு இருந்திருந்தால் அந்தக் குற்றமே நடந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். திருட நினைப்பவர் பதிவேட்டில் எழுதிவிட்டுத் திருடுவதில்லை. ஆனால் 200 கோடி ரிங்கிட் உத்தரவாதம் பற்றி அமைச்சரவைக்குக் கோரிக்கை போனபோது அதற்குரிய பதிவு இல்லாதிருப்பதே ஒரு மீறலாகக் கருதப்பட்டிருக்கும். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோ, கணக்காய்வாளரோ, செய்தியாளரோ கேள்வி கேட்க அது ஒரு பிடியைக் கொடுத்திருக்கும்.

ஊழல் தடுப்புச் சட்டம் இவர்களை ஏற்கனவே உள்ளடக்குகிறதே, அது போதாதா?

2009-ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இவர்களை உள்ளடக்குகிறது என்பது உண்மை. அரசாங்கமோ மாநிலமோ சட்டபூர்வ அமைப்போ கட்டுப்படுத்தும் நிறுவனங்களையும் அவற்றின் துணை நிறுவனங்களையும் அச்சட்டம் ‘பொது அமைப்பு’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அவற்றின் ஊழியர் தம் பதவியைப் பயன்படுத்தி ஆதாயம் பெற்றால் 23-ஆம் பிரிவு பாயும். 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 17ஏ பிரிவு, நிறுவனத்தின் நலனுக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. அதற்கான அபராதம் லஞ்சத் தொகையின் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அது.

ஆனால் இவையெல்லாம் லஞ்சம் கைமாறும் இடத்துக்கானவை. ஒரு காசும் கைமாறாமல், பழக்கத்தாலும் பதவியாலும் கட்சித் தொடர்பாலும் ஒரு முடிவு வளைக்கப்படும்போது இச்சட்டம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அரசு ஊழியர்களின் நடத்தையை ஆளும் 1993-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிமுறைகளும் இந்த நிறுவன ஊழியர்களைத் தொடுவதில்லை, ஏனெனில் அவர்கள் நிறுவனச் சட்டத்தின்கீழ் அமைந்த முதலாளிக்கு வேலை செய்பவர்கள். ஊழல் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் பொது ஊழியர்கள், ஒழுங்கு விதிகளின் கண்ணுக்குத் தனியார் ஊழியர்கள். நாளை ஒரு லாபிச் சட்டம் வந்து அவர்களை ‘அரசு தரப்பு’ என்று விலக்கிவிட்டால், சுமை வரும் இடங்களில் தனியாராகவும் விலக்கு கிடைக்கும் இடத்தில் அரசாகவும் நிற்கும் வசதி அவர்களுக்குச் சட்டத்தாலேயே கிடைத்துவிடும். இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

மற்ற நாடுகள் என்ன செய்திருக்கின்றன?

அமெரிக்காவின் 1995-ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டம் பொது அதிகாரிகள் தம் அலுவல் நிமித்தம் பேசுவதை லாபியாகக் கருதுவதில்லை. ஆனால் யார் பொது அதிகாரி என்ற வரையறையில் அது கவனமாகச் சில கதவுகளை மூடியிருக்கிறது. எரிவாயு, மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு ஆகியவற்றை வழங்கும் பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களின் ஊழியர்கள், அவை மாநிலத்துக்கோ நகரத்துக்கோ சொந்தமானவையாக இருந்தாலும், அந்த விலக்கைப் பெறமாட்டார்கள். அரசு ஆதரவுடன் இயங்கும் நிதி நிறுவனங்களுக்கும் அதே நிலை. அதேவேளையில் கூட்டரசின் சொந்தக் கழகங்களுக்கு அச்சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. ஃபேனி மே, ஃபிரெடி மேக் என்ற இரு வீட்டுக்கடன் நிறுவனங்கள் பல ஆண்டுகள் பெரும் பணம் செலவழித்து லாபி செய்தவை. 2008 செப்டம்பரில் அரசாங்கம் அவற்றின் நிர்வாகத்தைக் கையிலெடுத்தபோது, லாபியை உடனே நிறுத்தும்படி உத்தரவிட்டது. பொதுப்பணத்தால் காப்பாற்றப்படும் நிறுவனம் பொது முடிவுகளை வளைக்கப் பணம் செலவழிக்கலாகாது என்பதில் அங்கே பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை.

பிரான்ஸ் இன்னும் வெளிப்படையாகச் சென்றது. 2016 டிசம்பரில் நிறைவேறிய சப்பேன் இரண்டு சட்டம், தனியார் நிறுவனங்களோடு சேர்த்து, தொழில் வணிக நடவடிக்கையில் ஈடுபடும் பொது நிறுவனங்களையும் பெயர் சொல்லியே நலன்சார் பிரதிநிதிகள், அதாவது லாபி செய்பவர்கள், பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் உறுப்பு நாடுகளின் அரசு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் பிரெஞ்சு மின் நிறுவனமான இடிஎஃப், ஜெர்மனியின் டாய்ச்ச பான் போன்ற அரசு உடைமை நிறுவனங்கள் அதில் பதிந்துகொண்டு செயல்படுகின்றன.

பிரிட்டனை நாம் பின்பற்றக்கூடாது. மலேசிய வழக்குரைஞர்களுக்கு அந்நாட்டுச் சட்டங்களை எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2014-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் பிறருக்காகக் கட்டணம் பெற்று லாபி செய்யும் ஆலோசகர்களை மட்டுமே பதியச் சொல்கிறது. சொந்த நிறுவனத்துக்காகப் பேசும் ஊழியர் யாருக்கும் அது பொருந்தாது. 2021-இல் கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன் அமைச்சர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய விவரம் வெளிவந்தபோது, அவர் அந்நிறுவனத்தின் ஊழியர் என்பதால் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை என்று முடிவானது.

அப்படியானால் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் பதியவேண்டுமா?

வேண்டாம். பங்குதாரரிடம் ஆண்டறிக்கை, கணக்கு, இலாபப் பங்கு பற்றிப் பேசுவது, அமைச்சு கேட்ட புள்ளிவிவரத்தைக் கொடுப்பது, நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் சொல்வது, விபத்து அல்லது வெள்ளம் போன்ற அவசர நிலையில் ஒருங்கிணைப்பது, ஏற்கனவே வழங்கப்பட்ட உத்தரவை எப்படிச் செயல்படுத்துவது என்று தொழில்நுட்ப அளவில் பேசுவது ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கவேண்டும். கட்டண விகிதம், உரிமம், தனியுரிமை, உத்தரவாதம், மானியம், நிலம், போட்டி விதி ஆகியவற்றில் நிறுவனத்துக்கு ஒரு நன்மையைக் கோரும் பேச்சுக்கு விலக்கு இருக்கக்கூடாது.

அமைச்சே அழைத்துக் கருத்துக் கேட்டால்?

நேர்மையான எதிர்வாதம் இது. அரசு நிறுவனங்கள் கொள்கையைச் செயல்படுத்தும் கரங்களாகவும் இருக்கின்றன. பினாங்கின் முத்தியாரா எல்ஆர்டி இலகு ரயில் திட்டத்தைக் கூட்டரசு 2024-இல் எடுத்துக்கொண்டு எம்ஆர்டி கார்ப்பிடம் ஒப்படைத்த பிறகு, அந்நிறுவனத்துக்கும் போக்குவரத்து அமைச்சுக்கும் இடையே நடக்கும் பேச்சில் பெரும்பகுதி அன்றாட வேலை. அதையெல்லாம் லாபி என்று எழுதவைத்தால் திட்டமும் தாமதமாகும், பதிவேடும் குப்பையாகும்.

ஆனால் ‘யார் முதலில் அழைத்தார்’ என்பதை அளவுகோலாக வைப்பது ஆபத்து. பிரான்ஸ் அப்படித்தான் செய்தது. நிறுவனம் தானாக முன்வந்து தொடர்புகொண்டால் மட்டுமே அறிவிக்கவேண்டும் என்று அங்கே விதி அமைந்ததால், அமைச்சரின் உதவியாளர் அழைத்ததாகக் காட்டிவிட்டால் முழு உரையாடலும் பதிவேட்டுக்கு வெளியே போய்விடுகிறது. அந்த விதியை நீக்கவேண்டும் என்று பதிவேட்டை நடத்தும் அந்நாட்டு ஆணையமே வலியுறுத்தியது. நம் ஊரில் ஓர் அழைப்பை ஏற்பாடு செய்வது எவ்வளவு எளிது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அழைத்தவர் யார் என்று பாராமல் பேசப்பட்ட பொருள் எது என்று பார்ப்பதே சரி.

ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே நிறுவனத் தலைவராக இருந்தால், அவர் அமைச்சரிடம் பேசுவது எந்தக் கணக்கில் சேரும்?

2020-ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின் ஆளும் கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் அரசு சார்பு நிறுவனங்களின் தலைவர்களாக அமர்த்தப்பட்டதை நாடு கண்டது. அந்த வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது. மக்கள் பிரதிநிதி அமைச்சரிடம் தொகுதிக்காகப் பேசுவதை எந்த லாபிச் சட்டமும் தடுக்கவோ பதியச் சொல்லவோ கூடாது. ஆனால் அவர் தலைவராக இருக்கும் நிறுவனத்தின் நலன் அந்தப் பேச்சில் வந்த கணத்தில் அவர் நிறுவனத்தின் ஆள். சந்தேகம் எழும் இடத்தில் பதியவேண்டும் என்று சட்டம் சொல்லவேண்டும். இரண்டு பதவிகளையும் ஏற்றுக்கொண்டவர் அந்தச் சிரமத்தையும் ஏற்றுக்கொள்ளட்டும். பதவியை விட்டு விலகும் அமைச்சர்களும் மூத்த அதிகாரிகளும் இந்நிறுவனங்களுக்குப் போய் அமர்ந்து பழைய அலுவலகத்தோடு பேசத் தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளிக் காலமும் வேண்டும். அயர்லாந்தில் அது ஓராண்டு, கனடாவில் ஐந்தாண்டு.

எத்தனை விழுக்காடு பங்கு இருந்தால் அரசு நிறுவனம் ஆகும்?

விழுக்காட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மலேசிய விமான நிலைய நிறுவனம் 2025-இல் பங்குச் சந்தையிலிருந்து விலகியபோது, 40 விழுக்காடு கசானாவின் குழுமத்திடமும் 30 விழுக்காடு ஊழியர் சேமநிதி வாரியத்திடமும் மீதி வெளிநாட்டு முதலீட்டாளர்களிடமும் சென்றது. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் பாதி இல்லை. சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஏழு பங்கு நம் பொது நிதியம். மின் நிறுவனமான தெனாகா நேஷனலில், நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அமைந்த சட்டபூர்வ நிறுவனம் வைத்திருக்கும் ஒரே ஒரு சிறப்புப் பங்குக்கு, அதன் எண்ணிக்கையைக் கடந்த அதிகாரம் உண்டு. எனவே பொது அமைப்புகளின் பங்குகளைக் கூட்டிப் பார்ப்பது, இயக்குநரை நியமிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்று பார்ப்பது, சிறப்புப் பங்கு உண்டா என்று பார்ப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் சட்டம் பொருந்தவேண்டும். எந்த வகையிலும் சந்தேகம் தீராவிட்டாலும் பெரிய இழப்பில்லை. தனியார் நிறுவனங்களும் அதே பதிவேட்டில் பதியவேண்டியவையே என்பதால், அரசு நிறுவனத்துக்கு விலக்கு கொடுக்காத சட்டத்தில் இந்த எல்லைப் பிரச்சினை பாதிக்குமேல் மறைந்துவிடும்.

வணிக இரகசியம் வெளியாகிவிடாதா?

பதிவேட்டில் எழுதப்படுவது யார், யாரிடம், எந்தப் பொருள் பற்றி, எந்த முடிவை நாடி என்பது மட்டுமே. விலைக் கணக்கும் ஒப்பந்த விவரமும் அதில் வரா. தனியார் போட்டியாளர் அதே அளவு வெளிப்படுத்தத் தயாராக இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும்போது, பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம் குறைவாக வெளிப்படுத்துவதற்கு ஒரு நியாயமும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ இரகசியச் சட்டத்தை இதற்குள் இழுத்துவராமல் இருக்க, பதிவேட்டில் சேரும் விவரங்கள் அச்சட்டத்தின்கீழ் இரகசியமாக வகைப்படுத்தப்பட மாட்டா என்று லாபிச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பேருந்து ஓட்டுநரும் மீட்டர் கணக்கெடுப்பவரும் பதியவேண்டுமா?

இல்லை. தலைமை அதிகாரி, இயக்குநர்கள், அரசாங்க உறவுப் பிரிவினர், நிறுவனத்தின் சார்பில் முறையாக அதிகாரிகளைச் சந்திப்போர் ஆகியோர் மட்டும். பிரான்சில் பன்னிரண்டு மாதங்களில் பத்துத் தொடர்புகள் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது அதிகமாகவே படுகிறது. பெரிய முடிவு ஒன்றுக்கு ஒரே ஒரு சந்திப்பு போதும்.

தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களின் சம்பளத்துக்காக அமைச்சரைச் சந்தித்தால்?

ஊதியம், வேலை நிலைமை பற்றிய பேச்சுக்கு விலக்கு. அயர்லாந்துச் சட்டமும் சம்பளம், வேலை விதிமுறைகள் பற்றிய பேச்சுவார்த்தையை லாபியாகக் கருதுவதில்லை.

இந்நிறுவனங்களின் ஊழியர்களிடமே மற்றவர்கள் லாபி செய்வதில்லையா?

செய்கிறார்கள். கேள்வியின் இந்த மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பெரிய அரசு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுத் தலைவர் ஓர் ஆண்டில் கையெழுத்திடும் தொகை ஒரு சிறிய அமைச்சின் மேம்பாட்டு ஒதுக்கீட்டை மிஞ்சக்கூடும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மின்பணிக் குத்தகையாளரைக் கேட்டுப் பாருங்கள். அமைச்சரைப் பார்க்க அவருக்கு ஆசையில்லை, அந்தக் கொள்முதல் பிரிவின் கதவுதான் அவருக்கு வேண்டும். அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாகவேண்டும். 2025-இல் மக்களவை நிறைவேற்றிய அரசாங்கக் கொள்முதல் மசோதாவைப் பற்றிய விவாதத்திலும் இந்நிறுவனங்களின் இடம் என்ன என்ற கேள்வி உயிரோடுதான் இருந்தது.

ஆகவே மூத்த நிலை ஊழியர்கள் இரு முகத்திலும் சட்டத்துக்குள் வரவேண்டும். அவர்கள் அரசாங்கத்திடம் கேட்கும்போது லாபி செய்பவர்கள். ஒப்பந்தம் தேடி வருபவர்கள் அவர்களிடம் கேட்கும்போது லாபி செய்யப்படுபவர்கள். பின்னதில் பதியும் பொறுப்பு வந்து கேட்பவருடையது. முறையான ஒப்பந்தப்புள்ளி நடைமுறைக்குள் நடக்கும் விளக்கக் கூட்டங்களுக்கு விலக்கு போதும்.

தமிழ்ச் சமூகத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஏன் இருக்கவேண்டும்?

நிலத்துக்காக. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் கணிசமானவை தோட்டங்களில் பிறந்தவை. பல இன்றும் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நின்றுகொண்டு, நிலம் தம் பெயரில் இல்லாத காரணத்தால் அரசாங்கத்திடமிருந்து பகுதி நிதியுதவி மட்டுமே பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் தோட்ட நிறுவனங்கள் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் மலேசியர் கைக்கு வந்தபோது, அவற்றில் மிகப் பெரியவை 1978-இல் அமைக்கப்பட்ட பிஎன்பி போன்ற அரசு முதலீட்டு அமைப்புகளின் கீழ் வந்தன. ஆக, கோயிலும் பள்ளியும் இடுகாடும் இருக்கும் நிலத்துக்கு உரிமையாளர் பல இடங்களில் ஓர் அரசு சார்பு நிறுவனம்.

தோட்டம் வீடமைப்பாக மாற நிலப் பயன்பாட்டு வகை மாறவேண்டும். அந்த முடிவு மாநில அரசாங்கத்திடமும் உள்ளாட்சி மன்றத்திடமும் இருக்கிறது. கோலாலம்பூரில், தேர்தலில் தெரிவு செய்யப்பட்ட மன்றமே இல்லாத நிலையில், மாநகர மேயரிடமும் கூட்டரசுப் பிரதேச அமைச்சரிடமும் இருக்கிறது. நிறுவனம் எப்போது மாற்றத்தைக் கோரியது, யாரைச் சந்தித்தது, பள்ளிக்கும் கோயிலுக்கும் எந்த இடத்தை விட்டுவைப்பதாகச் சொன்னது என்பவை மக்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்து வேலி போட ஆள் வரும்போதுதான். பள்ளி நிலம் தொடர்பாக ஒரு மாநில அலுவலகத்தில் நாங்கள் மனுவோடு காத்திருந்தபோது, நில உரிமை நிறுவனத்தின் அதிகாரிகள் அதே பொருளைப் பேசி முடித்துவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசியதில் தவறில்லை. அவர்கள் பேசினார்கள் என்பதற்கு எந்தத் தடமும் இல்லாததுதான் எங்களைப் பலவீனப்படுத்தியது. மேல்முறையீட்டில் எதைச் சுட்டிக்காட்டுவது?

அயர்லாந்தின் 2015-ஆம் ஆண்டு லாபி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த இடத்தில் நமக்குப் பயன்படும் ஒரு விதியை வைத்திருக்கிறது. பொதுவாக அச்சட்டம் பத்துக்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கும் சம்பள ஊழியர் உள்ள அமைப்புகளுக்குமே பொருந்தும். ஆனால் நில மேம்பாடு, நில வகை மாற்றம் என்று வந்துவிட்டால், தம் சொந்த வீட்டைப் பற்றிப் பேசுபவரைத் தவிர, யாராக இருந்தாலும் பதியவேண்டும். நிலத்தில்தான் அதிகம் மறைக்கப்படுகிறது என்பதை அந்நாட்டவர் தம் கசப்பான அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

அப்படியானால் பள்ளி வாரியமும் கோயில் நிர்வாகமும் பதியவேண்டியிருக்குமே?

நில விஷயத்தில் ஆம், நான் அதை வரவேற்கிறேன். ஒரு பக்கத்தில் எளிய படிவம், தமிழிலும் எழுதலாம் என்ற அனுமதி, கட்டணமின்மை, தாமதமானால் முதலில் நினைவூட்டல் என்று அமைத்தால் தொண்டூழியர்களுக்கு அது சுமையாகாது. நம் கோரிக்கையும் தேதியோடு பதிவாகும். ‘உங்கள் தரப்பு எதுவும் சொல்லவில்லையே’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

பதிவேட்டை யார் நடத்துவது?

அமைச்சு எதுவும் நடத்தக்கூடாது, பிரதமர் துறையும் நடத்தக்கூடாது. பெரிய அரசு நிறுவனங்களின் உரிமை அங்கேயே குவிந்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு நேரடியாகப் பொறுப்பான ஒரு தனி ஆணையர் வேண்டும். 2024-இல் கணக்காய்வுச் சட்டம் திருத்தப்பட்டு, பொதுப்பணம் செல்லும் நிறுவனங்கள் வரை தொடர்ந்து சென்று கணக்காயும் அதிகாரம் தலைமைக் கணக்காய்வாளருக்கு விரிவாக்கப்பட்டிருக்கிறது. அவர் ஒரு நிறுவனத்தைக் கணக்காயும்போது அதன் லாபிப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சட்டம் இயற்றுவது கடினமன்று. அயர்லாந்தில் ஆண்டுக்கு மூன்று முறை அறிக்கை தாக்கல் செய்யவேண்டும். நமக்கும் அது பொருந்தும், ஆனால் நில வகை மாற்றத்துக்கு மட்டும் முடிவு எடுக்கப்படும் முன்பே பதிவு வெளியாகவேண்டும். முடிவுக்குப் பின் வெளியாகும் தகவல் பள்ளியைக் காப்பாற்றாது.

கூட்டரசுச் சட்டம் வரும்வரை பினாங்கு காத்திருக்கவேண்டுமா?

தேவையில்லை. நிலமும் உள்ளாட்சியும் கூட்டரசு அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தகவல் சுதந்திரத்துக்குச் சொந்தச் சட்டம் வைத்திருக்கும் இரண்டு மாநிலங்களில் சிலாங்கூருக்கு அடுத்து பினாங்கு ஒன்று. பினாங்கின் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டரசுச் சட்டத்துக்குக் காத்திராமல் அதை இயற்றிய மாநிலம், நிலம் பற்றிய லாபிக்கும் ஒரு பதிவேட்டைத் தொடங்கலாம். அது சட்டமன்றச் சட்டமாக இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டாலும், ஆட்சிக்குழு உறுப்பினர்களும் நகராண்மைக் கழக அதிகாரிகளும் நில மாற்றம் தொடர்பாகத் தாம் சந்தித்தவர்களின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடவேண்டும் என்று ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். அந்தப் பட்டியலில் மாநிலத்தின் சொந்த நிறுவனங்களின் அதிகாரிகளும் இடம்பெற வேண்டும், குறிப்பாக 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் போல நிலத்தோடு நேரடித் தொடர்புள்ளவை. அதுவரை, உங்கள் பள்ளியின் நிலமோ குடியிருப்போ ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் என்று தெரிந்தால், பினாங்கின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் சம்பந்தப்பட்ட மாநிலத் துறையிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அந்நிலம் பற்றி வந்த கடிதங்களின் தேதியையும் அனுப்பியவர் பெயரையும் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.